ஊதிய வரம்பு 20 சதவீதம் ஏறினால் பதினான்கு பேர் பட்டறை தாங்குமா?

பட்டறைக்காரன் கேட்டது:

பதினெட்டு வருடமாகப் பைண்டிங் பட்டறை நடத்துகிறேன். அச்சகங்கள் அச்சடித்த தாள்களைக் கட்டுக் கட்டாக அனுப்பும். மடித்து, தைத்து, பசை போட்டு, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டித் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. என்னைச் சேர்க்காமல் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஊதியத்தை வாங்குகிறார்கள். அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. மற்ற ஐந்து பேர் கைதேர்ந்தவர்கள். தையலில் பன்னிரண்டு வருடமாக இருக்கும் அம்மாவுக்கு அந்தக் குறைந்தபட்ச வரம்பைவிடக் கால் பங்கு அதிகம். கட்டிங் மெஷினில் நிற்பவருக்கு எல்லோரையும்விட அதிகம், ஏனென்றால் அவர் ஒரு முறை தவறினால் ஆயிரம் புத்தகம் வீண்.

வரம்பு 20 சதவீதம் ஏறப்போகிறது என்கிறார்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை. தொழில் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பாதிப் பட்டறைகள் பூட்டிவிடும் என்றார். பொருளியல் படிக்கும் என் மகளோ, “ஒன்றும் ஆகாது என்றுதான் ஆராய்ச்சிகள் சொல்கின்றன, அப்பா” என்கிறாள். அவளிடம் மாதக் கடைசியில் என் கணக்கு நோட்டைக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

என் கணக்கு இது. வருமானம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி 40 (அதில் அந்த ஒன்பது பேருக்குப் போவது 22, ஐந்து பேருக்கு 18). அட்டை, துணி, நூல், பசை 30. வாடகையும் மின்சாரமும் 15. மெஷின் கடன் தவணை 7. மிச்சம் 8. அந்த எட்டில்தான் என் வீடு ஓடுகிறது. கூலி 20 சதவீதம் ஏறினால் நானும் விலையை 20 சதவீதம் ஏற்ற வேண்டும். ஏற்றினால் அச்சகங்கள் வேறு ஆளைப் பார்க்கும். ஏற்றாவிட்டால் நானே என் பட்டறையில் மடிப்பு வேலைக்குச் சேர்ந்துவிடலாம். குறைந்தபட்ச ஊதியமாவது நிச்சயம்.

கூலியை ஏற்றக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் கடைசி வாரத்தில் முன்பணம் கேட்காத மாதமே கிடையாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்தப் பணத்தை முடிவில் யார் கொடுக்கிறார்கள்? நானா, அச்சகமா, புத்தகம் வாங்குகிறவரா, இல்லை நான் வெளியே அனுப்பப்போகும் இரண்டு பேரா?


விரைவுமொழி எழுதியது:

மெஷின் வாங்கிப் போடுங்கள். தையலே வேண்டாம், எல்லாம் பசை பைண்டிங்.


பட்டறைக்காரன் எழுதியது:

ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டுத்தான் அந்த ஏழு கட்டிக்கொண்டிருக்கிறேன், ஐயா. அகராதியையும் சட்டப் புத்தகத்தையும் பசையில் மட்டும் கட்டிக் கொடுத்தால் மூன்றாம் மாதம் தாள் தாளாகத் திரும்பி வரும்.


கணக்கேடு எழுதியது:

சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த வரியைத் திருத்திவிடுகிறேன். கூலி 20 சதவீதம் ஏறினால் விலை 20 சதவீதம் ஏற வேண்டியதில்லை. அட்டையும் பசையும் வாடகையும் அன்றே ஏறிவிடாது. ஏறுவது அந்த 22 மட்டும். அதில் 20 சதவீதம் 4.4. சட்டம் உங்களிடம் நேராகக் கேட்பது அவ்வளவுதான். காப்பீடு, ஓய்வூதியம் என்று ஊதியத்தின் விகிதமாகக் கட்டுபவற்றை 40க்குள் சேர்த்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். சேர்க்காவிட்டால் அவையும் கூடவே ஏறும். ஓவர்டைம் கூலியும் அப்படியே.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கூட்டத்தில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

தையல் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வரம்பு 100 என்றால் அவருக்கு இன்று 125. வரம்பு 120 ஆகிறது. சட்டப்படி அவருக்கு நீங்கள் ஒன்றும் தர வேண்டாம். ஆனால் நேற்று வந்து நூல் கோக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு 120, பன்னிரண்டு வருடத்துக்கு 125. முதல் சம்பள நாளிலேயே அவருக்கு அது தெரிந்துவிடும். அவர் சண்டை போட மாட்டார். பேசாமல் இருப்பார். பிறகு ஒரு நாள் பக்கத்துப் பட்டறையில் இருப்பார். நான் கணக்குப் பார்க்கும் இடங்களில் வரம்பு ஏறிய ஆண்டில் முதலாளிகளை வதைத்தது புதிய ஆட்களின் கூலி அல்ல, பழைய ஆட்களின் இந்த மௌனம்தான்.

இதற்கு நான்கு விலை உண்டு. ஐந்து பேருக்கும் ஒன்றும் தராவிட்டால் மொத்தச் செலவு 4.4. எல்லோருக்கும் அதே 20 சதவீதம் என்றால் 8, அதாவது உங்கள் வீடு ஓடும் எட்டு முழுவதும். பதினான்கு பேருக்கும் ஒரே தொகையை ஏற்றி இடைவெளியை அப்படியே காப்பாற்றினால் ஏழுக்குச் சற்றுக் கீழே நிற்கும். கீழ்ப்படியில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் கொடுத்து, கட்டிங் மெஷின்காரரிடம் மட்டும் இந்த ஆண்டு பொறுத்துக்கொள்ளச் சொன்னால் 5.5 அளவில் முடிக்கலாம். அது எழுதி முடிக்கும் கணக்கு அல்ல, பேசி முடிக்கும் கணக்கு.

இனி உங்கள் கேள்வி. யார் கொடுக்கிறார்கள் என்பதையே தலைப்பாக வைத்து ஹராஸ்டோசி, லிண்ட்னர் என்ற இருவர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். களம் ஹங்கேரி. அங்கே 2001 ஜனவரியில் மாத வரம்பை 25,500 ஃபோரிண்டிலிருந்து 40,000க்கு ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு 50,000. உங்கள் 20 சதவீதம் அதன் முன்னால் தும்மல். அவர்கள் கண்டது: கூடுதல் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை விலை உயர்வு வழியாக வாங்குபவர்கள் ஏற்றார்கள், கால் பங்கு உரிமையாளரின் லாபத்திலிருந்து போனது. வேலை இழப்பு மொத்தத்தில் சிறியது.

ஆனால் அது சராசரி. விலையை ஏற்ற முடியாத இடத்தில், அதாவது இந்தச் சட்டம் எட்டாத ஊரில் செய்த சரக்கோடு போட்டியிட்டவர்களிடம், ஆட்குறைப்பு அதிகமாக இருந்தது. முடிவெட்டுபவருக்கு அந்தப் போட்டி கிடையாது. ஏற்றுமதிக்குச் செய்கிறவருக்கு உண்டு. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். எனவே ஒன்று கேட்கிறேன்: உங்களிடம் வரும் தாள்கட்டு உங்களை விட்டுப் போனால் எங்கே போகும்? இதே வரம்புக்குள் இருக்கும் இன்னொரு பட்டறைக்கா, வரம்புக்கு வெளியேயா?


ஊசிக்கை எழுதியது:

அந்த நூல் கோக்கும் பெண்ணாக நான் இருந்திருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பொதி கட்டும் கூடத்தில் ஆறு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். வரம்பு ஏறியது என்று பலகையில் எழுதிப் போட்டார்கள்; எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அடுத்த வாரமே மணிக்கு 60 பொதி என்றிருந்த இலக்கு 72 ஆனது. நான் கணக்கில் புலி இல்லை, ஆனால் அறுபதில் பன்னிரண்டு எத்தனை சதவீதம் என்பது தெரியும். எங்கள் உயர்வும் அதே 20 சதவீதம்தான். பிறகு முறைநேரத்தில் அரை மணி வெட்டினார்கள். கைகழுவப் போகும் ஐந்து நிமிடமும் இடைவேளைக் கணக்கில் சேர்ந்தது. மணிக்கூலி ஏறியது உண்மை. மாதக் கடைசியில் கையில் வந்தது பலகையில் எழுதிய அளவுக்கு ஏறவில்லை என்பதும் உண்மை.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம் மணிக்கு 15 டாலரை நோக்கிப் படிப்படியாக ஏற்றியபோது இதைத்தான் அளந்தார்கள். 2016இல் வரம்பு 13 டாலர் வரை போன படியைப் பார்த்து, குறைந்த கூலி வேலைகளில் மொத்த வேலை நேரம் சுமார் 9 சதவீதம் குறைந்தது என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2017இல் சொன்னார்கள். அதே நேரத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்து உணவகங்களை மட்டும் பார்த்தவர்கள், வேலை குறையவில்லை என்றார்கள். வாஷிங்டன் குழுவே பின்னர் ஆட்களைத் தனித்தனியாகத் தொடர்ந்து பார்த்தபோது, ஏற்கெனவே வேலையில் அனுபவப்பட்டவர்களுக்குப் பலன் கிடைத்ததையும், புதிதாக நுழைபவர்கள் குறைந்ததையும் கண்டது. கதவு மூடியது வெளியே நின்றவர்களுக்கு. நீங்கள் வெளியே அனுப்பும் இரண்டு பேரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், பட்டறைக்காரர் ஐயா. நீங்கள் இனிமேல் சேர்க்காமலே விடப்போகும் இரண்டு பேரைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். அவர்களுக்குப் பெயர்கூட இருக்காது.

அதற்காக அந்த உயர்வு வேண்டாம் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அதுவரை இரவில் இரண்டு வீட்டுக்குத் துணி தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உயர்வு வந்த இரண்டாம் மாதம் ஒரு வீட்டை விட்டேன். வாரத்தில் மூன்று இரவு சீக்கிரம் தூங்கினேன். இது எந்த ஆராய்ச்சி அட்டவணையில் எந்தக் கட்டத்தில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. பிரிட்டனில் 1909இல் முதன்முதலாக நான்கு தொழில்களுக்கு மட்டும் ஊதிய வாரியம் வைத்தார்கள். ஒன்று அட்டைப்பெட்டி செய்வது. உங்கள் தொழிலின் ஒன்றுவிட்ட சகோதரி. இன்னொன்று சங்கிலி அடிப்பது. வாரியம் மணிக்கு இரண்டரை பென்ஸ் என்று தீர்மானித்ததும், கிராட்லி ஹீத் என்ற ஊரில் சில முதலாளிகள், அந்தக் கூலி எங்களுக்கு வேண்டாம் என்று பெண்களிடமே கையெழுத்து வாங்கினார்கள்! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் அதில் குறி போட்டுக் கொடுத்தார்கள். 1910இல் தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தர் தலைமையில் அந்தப் பெண்கள் பத்து வாரம் வேலையை நிறுத்தித்தான் சட்டம் கொடுத்த கூலியைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்தார்கள். பலகையில் எழுதுவது ஒன்று, கைக்கு வருவது ஒன்று. நூறு வருடத்துக்கு முன்பும் அப்படித்தான்.


எதிர்வாதி எழுதியது:

மகள் சொன்னதை அவ்வளவு எளிதாகத் தள்ள வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம்.

அவள் மனத்தில் வைத்திருப்பது அநேகமாக அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம்தான். 1992 ஏப்ரலில் அங்கே வரம்பு மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனது, பக்கத்துப் பென்சில்வேனியாவில் ஏறவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் இரண்டு பக்கத்திலும் 410 துரித உணவகங்களைத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார்கள். நியூ ஜெர்சியில் ஆட்கள் குறையவில்லை. அதுவரை பாடப்புத்தகம் சொன்னதற்கு இது நேர் எதிர். உடனே நியூமார்க், வாஷர் என்ற வேறு இரு அறிஞர்கள் சம்பளப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஆட்கள் குறைந்தார்கள் என்றார்கள். முதல் இருவரும் 2000இல் அரசுத் தரவுகளோடு மறுபடி வந்து, பெரிய மாற்றம் இல்லை என்றார்கள். 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்துவிட்டார். அப்படியும் சண்டை முடியவில்லை. பொருளியல் அறிஞர்களுக்கு அது குலத்தொழில்.

ஆனால் அந்த ஆராய்ச்சியில் உங்களுக்கு உதவும் வரி வேறு: நியூ ஜெர்சி உணவகங்களில் விலை ஏறியது. ஹாம்பர்கர் சாப்பிட யாரும் அடுத்த மாநிலத்துக்குப் போகவில்லை. தாள்கட்டு லாரியில் ஏறிப் போகும். அதனால்தான் கணக்கேடு கேட்ட கேள்வி முக்கியமானது. அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜெர்மனியைப் பாருங்கள். 2015 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 8.50 யூரோ என்று முதன்முதலாக வைத்தார்கள். கூலி ஏறியது, மொத்த வேலை குறையவில்லை. கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். டுஸ்ட்மானும் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட ஆய்வை அதற்கு மேலும் படித்தால், ஆட்கள் சிறிய, குறைவாகக் கொடுக்கும் நிறுவனங்களிலிருந்து பெரிய, நன்றாகக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள் என்று இருக்கிறது. தொழிலாளிக்கு அது நல்ல செய்தி. நாட்டுக்கும் நல்ல செய்தியாக இருக்கலாம். “வேலை குறையவில்லை” என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் பதினான்கு பேர் பட்டறை ஒன்று பூட்டியிருக்கலாம், அதன் ஆட்கள் நாற்பது பேர் வேலை செய்யும் ஆலைக்குப் போயிருக்கலாம். உங்கள் மகளும் தவறில்லை, சங்கக் கூட்டத்தில் கத்தியவரும் முழுத் தவறில்லை. அவள் வேலைகளை எண்ணினாள், அவர் பூட்டுகளை எண்ணினார்.

பூட்டுகளையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். பிரிட்டன் 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டு என்று தேசிய வரம்பு வைத்த பிறகு, குறைந்த கூலி கொடுத்த நிறுவனங்களின் லாபம் குறைந்தது. ஆனால் மூடியவை அதனால் கூடியதாகத் தெரியவில்லை. லாபம் மெலிந்தது, உயிர் போகவில்லை.

கடைசியாக ஒரு முள். உங்கள் ஒன்பது பேரும் இத்தனை நாள் வரம்பிலேயே ஏன் இருந்தார்கள்? போக வேறு இடம் இருந்திருந்தால் நீங்களே ஏற்றியிருப்பீர்கள். வாங்குபவர் ஒருவரே என்றால் விற்பவருக்கு விலை சொல்லும் பலம் இல்லை. வேலைச் சந்தைக்கும் அது பொருந்தும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜோன் ராபின்சன் 1933லேயே எழுதிவிட்டார். கோபித்துக்கொள்ள வேண்டாம். அச்சகங்கள் உங்களுக்குச் செய்வதும் இதையேதான்.


பட்டறைக்காரன் எழுதியது:

கோபித்துக்கொண்டேன். இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. பிறகு வந்துவிட்டேன்.

கணக்கேடு கேட்டதற்குப் பதில். எனக்கு வேலை தருவது ஆறு அச்சகங்கள். ஆறு பேரையும் நேரில் பார்த்தேன். நான்கு பேரின் கட்டுகள் என்னை விட்டால் இதே வரம்புக்குள் இருக்கும் பட்டறைகளுக்குத்தான் போகும். அவர்களும் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஒருவர் என்னைக் கண்டதும், “நீங்கள் மூன்றாவது ஆள், எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இரண்டு வாரம் நான் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

மற்ற இருவர் வேறு மாதிரி. அவர்களுடைய மலிவு வேலைகள், பள்ளி நோட்டுகள் போன்றவை, வீட்டுக்குக் கொடுத்து எண்ணிக்கைக் கூலிக்கு மடித்து வாங்கும் ஆட்களிடம் போய்விடும். அங்கே யார் வரம்பு கேட்கப்போகிறார்கள்? ஊசிக்கை அம்மா சொன்ன அட்டைப்பெட்டிக்காரிகள் நூறு வருடம் கழித்தும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் ஏறுவதைப் பற்றி நான் சங்கத்தில் இனிக் கத்தினால் அதைப் பற்றித்தான் கத்துவேன்: எனக்கு 120 என்றால் அவனுக்கும் 120 என்று யாராவது வந்து பார்க்க வேண்டும். நோட்டு வேலை போனால் வருமானத்தில் நூறில் ஐந்து போகும். அதில் மிச்சம் நிற்பது ஏற்கெனவே ஒன்றுமில்லை, ஆட்களைச் சும்மா உட்கார வைக்காமல் இருக்கத்தான் செய்துகொண்டிருந்தேன்.

விலையை 4 சதவீதம் ஏற்றுகிறேன். கூலிச் செலவு 5.5 கூடும்படி கணக்கேடு சொன்ன, கீழே கூடுதலாகவும் மேலே குறைவாகவும் கொடுக்கும் வழியை எடுத்துக்கொண்டேன். மிச்சம் 8 இருந்த இடத்தில் 6.5. அதாவது ஏறிய செலவில் முக்கால் பங்கு அச்சகம், கால் பங்கு நான். ஹங்கேரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. தற்செயல்தான், ஆனாலும் மகளிடம் காட்டினேன். அவள் முகத்தில் இருந்த வெற்றியை எழுத விரும்பவில்லை.

யாரையும் அனுப்பவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஒரு பையனைச் சேர்க்க நினைத்திருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டேன். ஊசிக்கை அம்மா எழுதியதைப் படித்த பிறகு அதை எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது. மடிப்பு இலக்கை ஏற்றவில்லை; ஏற்றலாமா என்று மனத்தில் ஒரு நாள் ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தையல் அம்மாவிடம் நேற்று சாயங்காலம் பேசினேன். 125 இனி 140 என்று சொன்னேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், “இந்த மாதத்திலிருந்தா, அடுத்த மாதத்திலிருந்தா?” என்றார். இந்த மாதத்திலிருந்து என்று என் வாயில் வந்துவிட்டது. கணக்கில் அது அடுத்த மாதம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இரண்டு அச்சகங்களோடு வருட ஒப்பந்தம், விலை மாறாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இதற்கு வழி உண்டா?


கணக்கேடு எழுதியது:

எழுதிக் கொடுத்த ஐந்து மாதத்துக்கு வழி கெஞ்சுவதுதான். அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: சட்டப்படியான ஊதிய வரம்பு மாறினால், விலையில் கூலியின் பங்கான 40 சதவீதத்துக்கு மட்டும் அந்த மாற்றத்தின் அளவில் விலை திருத்தப்படும், திருத்தம் அரசாணை தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று. நாற்பது என்ற எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் இருபது என்பார்கள், நீங்கள் நூறு என்பீர்கள்.

அந்தப் பையனின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.